துருக்கிக்காரம்மா சொன்ன ‘ச்ச்’

யூகலிப்டஸ் விறகுப் புகை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கொடைக்கானல் ஞாபகம் வரும். எனக்குக் கோபம்தான் வரும்...

அறுபதுகளில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம்களுக்கு வெந்நீர் சுமக்கிற வேலை எனக்கு. கைக்குழந்தையை யூகலிப்டஸ் விறகு எரியும் பாய்லர் அறை ஓரமாகத் தூளியில் போட்டிருப்பேன். மேல்மலையில் எங்கள் ஊரான பூண்டியில் நாங்கள் போட்ட வெள்ளைப்பூண்டு மொத்தமும் அந்த வருஷம் அழுகிப்போயிற்று. என் வேலையை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது.

அந்த சீசனில் துருக்கி நாட்டுத் தம்பதி ஒன்று வந்து தங்கியது. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷும் அரைகுறை. எல்லாம் கை ஜாடைதான்.

ஒருநாள் தூளியை எட்டிப் பார்த்தார். பிள்ளை கன்னத்தில் நான் வைத்திருந்த மைப்பொட்டைத் தொட்டு, தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"ஆமாங்கம்மா... கண்ணு படாம இருக்கத்தான்" என்று தலையாட்டினேன்.

உடனே தன் கோட்டில் குத்தியிருந்த நீல மணியைக் கழற்றிப் பிள்ளையின் சட்டையில் குத்திவிட்டார். கண் மாதிரியே இருக்கும் கண்ணாடி மணி. அவர்கள் ஊர்த் திருஷ்டிப் பொட்டு அதுதான் போல...

மறுநாள் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார்.

"யாரு சாமான்டி இது? எந்த ரூம்ல எடுத்த?"

"அந்தம்மாதான் குத்திவிட்டாங்கய்யா. வேணும்னா கேட்டுப் பாருங்க."

தரதரவென்று இழுத்துப்போய் அந்தம்மா முன்னால் நிறுத்தினார். மணியைக் காட்டி, என்னைக் காட்டி, "இவள் திருடினாளா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அந்தம்மா புருவத்தைத் தூக்கி, மோவாயை மேலே வெட்டி, "ச்ச்" என்றார்.

நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? ‘சீ, இதையெல்லாம் என்னிடம் ஏன் கொண்டு வருகிறாய்’ என்றுதானே... மேனேஜருக்கு அப்படித்தான் பட்டது. சத்தியமாக எனக்கும்தான்.

"பாத்தியா, அவங்களுக்கே அருவருப்பா இருக்கு. வெரசா எடத்தக் காலி பண்ணு!"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது அந்தம்மா பின்னாலேயே வந்து ஏதோ கத்தினார். திட்டுகிறார் என்று நினைத்துத் திரும்பியே பார்க்கவில்லை.

நான் பூண்டி போய்ச் சேர்வதற்குள் ‘திருடி’ என்ற பேர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் கொடைக்கானலில் எந்த பங்களாவிலும் என்னைப் படியேற்றவில்லை. கையில் கொடுத்துவிட்டுக் கழுத்தையும் அறுத்தாளே என்று அந்தம்மாவை நான் சபிக்காத நாளில்லை.

போன வாரம் மருமகள் போனில் துருக்கி சீரியல் ஒன்றைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருத்தியிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். புருவத்தைத் தூக்கி, மோவாயை வெட்டி, அதே "ச்ச்"!

"சாப்பிட்டியான்னு கேட்டதுக்கா இவளுக்கு இம்புட்டுக் கோவம்?"

"கோவமில்லத்தே. அவங்க ஊர்ல அப்படிச் செஞ்சா ‘இல்லை’ன்னு அர்த்தம்."

இல்லை...

அப்படியானால் அன்றைக்கு அந்தம்மா ‘இவள் திருடவில்லை’ என்றுதான் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்து கத்தியதும் எனக்காகத்தான். எனக்காகப் பேசிய ஒரே மனுஷியைப் போய் இத்தனை வருஷமும் சபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது எந்த நாட்டுப் பேச்சையும் போனே தமிழில் சொல்லிவிடுகிறது, அன்றைக்கு அந்த வசதி இல்லையே என்று மருமகள் வருத்தப்பட்டாள்.

இருந்திருந்தால் மட்டும்? ‘என்ன சொல்றீங்க’ என்று அந்தம்மாவிடம் இன்னொரு தடவை கேட்க அந்த மேனேஜருக்கு எந்த போனும் தேவைப்பட்டிருக்காது. வெந்நீர் தூக்குகிறவள் திருடித்தான் இருப்பாள் என்று அவரே முடிவு கட்டிவிட்டுத்தான் என்னை அங்கே இழுத்துப்போனார்.