நூற்றுத் தொண்ணூற்றேழு வோல்ட்

இருபது வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் வாட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வீட்டில் ஃபியூஸ் போனால் ஆளைக் கூப்பிடுகிற ரகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எவனோ என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். வீட்டுக்குப் பின்னால் என் மனைவி முருங்கை இலையை உலர்த்திப் பொடி செய்கிறாள். அதற்கென்று தேனியில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த டிரையர், பீரோ உயரம். அடியில் சூடேற்றும் கம்பிச்சுருளான காயில், நடுவில் தட்டுகள், உச்சியில் சூடு வெளியேற ஒரு மூடி. முகப்பில் இரண்டு மீட்டர்கள். "வோல்ட் முள்ளு எரநூத்தி இருவதுலயும் ஆம்ப் முள்ளு பத்துலயும் நின்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். அவளும் சுவிட்சைப் போட்டதும் முதலில் அந்த முட்களைத்தான் பார்ப்பாள்.

கொச்சி வியாபாரி ஒருவர் அவளுடைய சாம்பிளை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். பச்சை போதாதாம். மூன்றாவதும் சரியில்லை என்றால் இனி அனுப்ப வேண்டாம் என்று போனில் தன்மையாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை கூரியரில் போட்டாக வேண்டும். வியாழன் மாலை காயில் அறுந்துவிட்டது.

பட்டறைக்காரர் ஊரில் இல்லை. "நான் இருக்கேன்ல" என்றேன். கருகிப்போன நுனியை வெட்டி எறிந்து, மிச்சக் கம்பியை இழுத்துத் திருகாணியில் மாட்டினேன். ஐந்தில் ஒரு பங்கு கம்பி போயிருந்தது. கம்பி குட்டையானால் தடை குறையும். தடை குறைந்தால் சூடும் குறையும், ஏனென்றால் சூடு என்பது மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை. கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்!

"சூடு கம்மியாத்தான் வரும். மேல் மூடிய அடச்சு வச்சிரு" என்றேன்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு அவள் தட்டுகளை அடுக்கிச் சுவிட்சைப் போட்டாள். நான் வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தேன். தேவதானப்பட்டியில் ஒரு காதுகுத்து. கூட இருந்து பார்க்க வேண்டாமா என்று கேட்டவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மொய் எழுதி, கறிச்சோறு தின்று, வெற்றிலை போட்டுத் திரும்பினால் தெருமுனையிலேயே தீய்ந்த வாடை.

இலை டீத்தூள் நிறத்தில் கிடந்தது. அவள் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"நாந்தேன் இலைய ரொம்ப நெருக்கி அடுக்கிட்டேன் போல" என்றாள்.

"ம்" என்றேன். அந்த "ம்" சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காதுகுத்து அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முன்பு 220ஐப் பத்தால் வகுத்தால் தடை 22 ஓம். திறன் 2200 வாட். இப்போது தடை 17.6. நான் செய்த கோளாறு இதுதான்: மின்னோட்டம் அதே பத்தில் நிற்கும் என்று எண்ணிவிட்டேன். அது ஏன் நிற்கப்போகிறது? காயிலை வெட்டினாலும் மாறாதது வீட்டுக்கு வருகிற வோல்ட். 220ஐ 17.6 ஆல் வகுத்தால் பன்னிரண்டரை ஆம்பியர். பெருக்கினால் 2750 வாட். சூடு கூடியிருக்கிறது, போதாக்குறைக்கு மூடியை வேறு அடைக்கச் சொல்லியிருக்கிறேன். இதே தப்பைச் செய்த பையனுக்குப் போன மாதம்தான் முட்டை போட்டிருந்தேன்.

போய்ச் சொன்னேன். "நீ அடுக்குனதுல ஒண்ணுமில்ல. தப்பு என்னுது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, நாளைக்கு எப்படிப் போடுறது?" என்று மட்டும் கேட்டாள்.

புதுக் காயிலுக்கு நேரமில்லை. இருக்கிற குட்டைக் காயிலிலேயே பழைய 2200 வாட் வர வேண்டும். 2200ஐ 17.6 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தேன். சுமார் 197.

"வோல்ட் நூத்தித் தொண்ணூத்தேழுக்கு எறங்குனா சரியா வரும். ஆனா அதுக்கு எங்க போக?"

அவள் சிரித்துவிட்டாள். "ஒம்பது மணிக்கு மும்முனைக் கரண்டு வந்ததும் தோட்டத்துல மோட்டாரப் பூராம் போட்டுவிடுறாகள்ல, அப்ப அங்கனதான் முள்ளு வந்து நிக்கும். இவ்வளவு நாளா அதத்தானே திட்டிக்கிட்டிருக்கேன்!"

சாயங்காலம் அவளே மரத்தில் இலை ஒடித்தாள், நான் அலசி, துணியில் பரப்பிக் காற்றாடியைப் போட்டேன். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இருவரும் டிரையர் முன்னால் நின்றோம். சுற்றிலும் மோட்டார்கள் ஒவ்வொன்றாக உறும, வோல்ட் முள் இறங்கிக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக லோ வோல்ட்டேஜைக் கும்பிட்டேன். இருநூறுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஆம்பியர் பதினொன்றைத் தாண்டி ஒரு மயிரிழை. மூடியைத் திறந்து வைத்தாள். மதியம் எடுத்தபோது இலை பச்சைப் பசேலென்று இருந்தது. பொடித்துச் சாயங்காலமே கூரியரில் போட்டோம்.

செவ்வாய்க்கிழமை கொச்சியிலிருந்து போன் வந்தது. "நல்ல பச்சையாணு" என்றாராம். வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னாள். அந்தத் தைரியத்தில், நான்கு நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கிச் சுவிட்சப் போட்டப்ப ஆம்ப் முள்ளப் பாக்கலையா நீ?"

"பாத்தேனே. பன்னெண்டரையில நின்னுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்கதான் சூடு கொறையும்னு சொன்னீகளே. மீட்டருதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. நான் டிரையருக்குப் போய், ஆம்ப் மீட்டரின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தேன்.