கதிர்க்குருவி கத்திய இடம்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பறவைச் சங்கத்தில் ‘காது’ என்று பெயர். வேலையிலும் அவருக்குக் காதுதான் சோறு போட்டது. மோட்டார் அறையில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், எந்தத் தளத்தின் கதவு மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். முப்பது வருடம் பக்கத்தில் நின்றவரை மோட்டார்களும் சும்மா விடவில்லை. அவர் காதிலிருந்து மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொண்டன. இது தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பறவைகள் ஊர் திரும்பும் வசந்தத்தில், ஒரு ஞாயிறு காலை, சங்கத்து ஏழு பேரும் குட்டையைச் சுற்றி நடப்பார்கள். குறிப்பேடு காதின் பொறுப்பு. ஒரு பறவை அதில் ஏற வேண்டுமானால், குறைந்தது இரண்டு பேர் அதைப் பார்த்திருக்கவோ கேட்டிருக்கவோ வேண்டும். கட்டைவிரல் பருமனே இருக்கும் கதிர்க்குருவி இருபத்திரண்டு வருடமாக அதில் தவறியதில்லை. அதன் குரல் ஊசி மாதிரி மெல்லிசு. கடைசி மூன்று வருடமாக அது காதுக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் தலையைச் சாய்த்து நின்றதும் இவரும் தலையாட்டி எழுதிவிட்டார். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால், காது என்று இன்னும் எந்த முகத்தோடு இவர்கள் நடுவில் வந்து நிற்பது?

மனைவி ஃபிளாஸ்க் தூக்க வருவாள். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே பறவைகள்: காக்கா, காக்கா இல்லாதது.

இந்த வருடமும் குட்டையின் மறுகரையில் சங்கத் தலைவரான பல் டாக்டர் விரலை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள். தலைகள் சாய்ந்தன. பிறகு வழக்கம்போலக் காதைப் பார்த்தார்கள். அவர் பேனாவைத் திறந்தார்.

“இந்தத் தடவை நம்ம லிஸ்ட்டைப் பறவைக் கணக்கெடுப்புக்கு அனுப்பறோம். கீழ உங்க கையெழுத்து வேணும்” என்றார் டாக்டர்.

பேனா நின்றது. தலையாட்டலாம், கையெழுத்துப் போட முடியாது.

“எனக்குக் கேக்கல. மூணு வருஷமாவே கேக்கல.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். “எனக்கும் கேக்கல. நீங்க தலையாட்டினீங்களேன்னு நானும் ஆட்டினேன்.”

“அப்ப விரலைத் தூக்கினீங்களே?”

“வருஷா வருஷம் இந்த இடத்துலதானே நிப்போம்!”

“நான் டாக்டர் விரலைப் பாத்து நிப்பேன்” என்றார் தபாலாபீஸ் அம்மா. மற்ற நால்வரும் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். சங்கத்தில் எல்லோரையும்விட இளையவருக்கு அறுபத்தொன்று.

டீ ஊற்றிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “நாம வந்ததுலேருந்து அது கத்திக்கிட்டுதான் இருக்கு. அந்த ரெண்டாவது மரம், இடதுபக்கம், உச்சி. போன வருஷமும் கத்துச்சே.”

“ஏன் சொல்லல?”

“வீட்டுல அலாரம் அடிக்கறதே உங்களுக்குக் கேக்கறதில்ல. நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். ஏழு பேர் முன்னாடி மானத்தை வாங்கச் சொல்றீங்களா?”

அவர் பைனாகுலரை உயர்த்தினார். உச்சிக் கிளையில் கதிர்க்குருவி. அலகு திறந்து மூடியது, தொண்டை துடித்தது. ஒரு சத்தமும் இல்லை. பைனாகுலரை இறக்காமலே மனைவியைக் கேட்டார்.

“இப்ப கத்துதா?”

“கத்துது.”

அலகு மூடியது. “இப்ப?”

“நிறுத்திடுச்சு.”

மற்றவர்கள் பைனாகுலரைத் திருகி முடிப்பதற்குள் குருவி பறந்துவிட்டது. அவர் குறிப்பேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டி, மூன்று வருடக் கதிர்க்குருவிகளையும் அடித்தார்.

“போன வருஷம் அவங்க கேட்டிருக்காங்களே” என்றார் டாக்டர்.

“ஒரே ஆள். செல்லாது.”

பிறகு புதுப் பக்கத்தில் எழுதினார்: ‘கதிர்க்குருவி, ஒன்று. கேட்டது மனைவி. பார்த்தது நான்.’ கீழே கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இடம் விட்டு, பேனாவை மனைவியிடம் நீட்டினார்.

“டீ ஆறுது” என்று சொல்லிக்கொண்டே அவள் போட்டாள்.