குகன் அண்ணையும் பதினெட்டாவது கேள்வியும்

குகன் அண்ணை இறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை. ஒரு வழக்குக்குப் போகும் வழியில் காரை ரோட்டோரம் நிறுத்தி, ஹசார்ட் லைட்டையும் போட்டிருக்கிறார். பின்னால் வந்த பண்ணைக்காரர் ஒருவர் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்... மாரடைப்பாம்.

எங்களோடு சட்டம் படித்த கேட்டி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். லண்டனில், மிச்சம் என்கிற என் ஊரில் ட்ராமுக்கு நின்றபோது பார்த்தேன். ட்ராம் வந்தது. ஏறினேன். ஆபீசில் மூன்று கிளையன்ட்டுகளைப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிட்டேனா தெரியவில்லை.

இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அமெரிக்காவில் படித்தவள் என்றால் நியூயார்க்கா, பாஸ்டனா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. மேற்கே, வெறும் புல்வெளியும் மாடுகளுமாய் ஒரு மாநிலம். மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகத்தினுடையது. கணவருக்கு அங்கே ஆராய்ச்சி வேலை கிடைத்ததால் நானும் போய்ச் சேர்ந்தேன்.

கார் பார்க் முழுக்க பிக்கப் ட்ரக். வகுப்பு முடியும்வரை பின்னால் நாய்கள் உட்கார்ந்திருக்கும்.

முதல் நாள், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் என் மேசைக்கு வந்தார். பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

“இரும், இரும். நானும் ஸ்டூடன்ட் தான். தமிழோ?”

“ஓம்.”

“எங்கயிருந்து?”

“லண்டன். மிச்சம்.”

“மிச்சத்தை விட்டிட்டு இஞ்ச வந்தனீரோ? என்ன பிள்ளை, அங்க ஏதும் குற்றம் செய்துபோட்டு வந்தனீரோ?”

குகன் அண்ணை அதற்கு முன் லொறி ஓட்டினவர். பனியில் லொறி பழுதாகி அந்த ஊரில் நாலு நாள் நின்றாராம். பிறகு அங்கேயே தங்கிவிட்டார். ஏன் என்று கேட்டால், “சத்தமில்லை” என்பார். அவ்வளவுதான்.

தண்ணீர்ச் சட்டம் என்று அங்கே ஒரு பாடம். பண்ணைக்காரரின் பிள்ளைகளுக்கு அது தண்ணி பட்ட பாடு. எனக்கு ஒன்றும் விளங்காது. ஒருநாள் குகன் அண்ணை கையைத் தூக்கி, யாழ்ப்பாணத்தில் காணி உறுதியிலேயே கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, தண்ணீர் எந்த வாய்க்காலால் போகவேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கும் என்றார். பேராசிரியர் சோக்கைக் கொடுத்து போர்டில் வரையச் சொன்னார்.

கிணற்றை முட்டை மாதிரி வரைந்தார். கௌபாய் தொப்பி போட்ட பெடியன்கள் எல்லாம் அதை அப்படியே நோட்புக்கில் முட்டையாய் வரைந்துகொண்டார்கள்...

இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

கடைசி வருடம். வக்கீலாகப் பதிவதற்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். லைப்ரரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து நிரப்பினோம். பதினெட்டாவது கேள்வி: எப்போதாவது வேறு பெயரைப் பாவித்து, அதற்காகக் கைதானதுண்டா?

அவர் அமெரிக்காவுக்கு வந்து இறங்கியது வேறு யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட்டில். எயார்போர்ட்டில் பிடித்து உள்ளே வைத்தார்கள். அகதி அந்தஸ்து, பிறகு குடியுரிமை எல்லாம் கிடைத்து, அது முடிந்துபோன கதை.

“அண்ணை, இதை எழுதாதேங்கோ. இருபது வருசத்துக்கு முந்தின விசயம். ஆர் கேக்கப் போயினம்?”

“கேட்டிருக்கினம் தானே பிள்ளை. இந்தா, பதினெட்டாவது கேள்வி.”

இரண்டு பக்கம் எழுதினார்.

வக்கீல் சோதனையில் எல்லோரும் பாஸ். எங்கள் எல்லோருக்கும் லைசென்ஸ் வந்தது. அவருக்கு மட்டும் விசாரணை என்று கடிதம் வந்தது. மாதக்கணக்காக இழுத்தது. அதுவரை மாட்டுத்தீவனக் கடையில் மூட்டை ஏற்றினார்.

விசாரணைக்கு நானும் போனேன். கேட்டி ஐந்து மணி நேரம் கார் ஓடி வந்தாள். அவளுடைய அப்பா சப்பாத்தைப் பொலிஷ் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து, குகன் நல்ல மனிதர் என்று சாட்சி சொன்னார்.

பிறகு விசாரணைக் குழுவில் ஒருவர் கேட்டார்: “இதை மறைக்கும்படி யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

“ஆம். ஒரு நண்பர். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். பெயரைச் சொல்ல மாட்டேன்.”

சொல்லாவிட்டால் அதையும் கணக்கில் எடுப்போம் என்றார்கள். எடுங்கள் என்றார்.

அந்த நண்பர் நான். கடைசி வரிசையில் இருந்தேன். என் லைசென்ஸுக்கு அப்போது ஆறு மாதம் வயது. எழுந்து நின்றிருக்கலாம்... எழும்பவில்லை.

வெளியே கார் பார்க்கில் போய்ப் பிடித்தேன்.

“அண்ணை, நான் எழும்பியிருக்க வேணும்.”

“எதுக்கு? அவை என்ர விண்ணப்பத்தையெல்லோ விசாரிச்சவை. வாரும், பசிக்குது.”

பான்கேக் சாப்பிட்டோம். வேறு ஏதோ கதைத்தார்.

இன்னும் மூன்று மாதம் இழுத்தடித்துத்தான் லைசென்ஸ் கொடுத்தார்கள். நான் அதற்குள் லண்டனுக்கு வந்துவிட்டேன். அவர் வக்கீலே இல்லாத ஒரு கவுன்டியில் போய் ஆபீஸ் திறந்தார். வேலிச் சண்டை, விவாகரத்து, உயில்... எல்லாம் அவர் ஒருவர்தான். போன் எடுக்கும்போதெல்லாம் என் பிள்ளைகளைச் சுகம் கேட்பார். அந்த விசாரணையைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை.

இப்போது அவருடைய வழக்குகளை எல்லாம் ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்களாம். யார் எடுப்பது என்று தெரியவில்லையாம்.

சனிக்கிழமை அந்த ஊர் ஹைஸ்கூல் ஜிம்மில் இறுதிச்சடங்கு. ஜூமில் போடுவார்கள். கேட்டி லிங்க் அனுப்பியிருக்கிறாள்.

அழுகை வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை.

அண்ணை, நீங்கள் சொல்லாத பேரை நான் சொல்லிப்போட்டன்.

போயிட்டு வாங்கோ.