பெட்டியின் அடிப்பக்கம்

புதுப் பொம்மைப் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசனை வரும். ரப்பர் செருப்பும் ஸ்ட்ராபெரி மிட்டாயும் ஒரே டப்பாவில் அடைபட்டுக் கிடந்த மாதிரி இருக்கும். சேலையூர் கேம்ப் ரோட்டில் அம்மா நடத்திய 'ஃபேன்ஸி ஸ்டோர்' கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்பு படித்த நாட்களில் அந்த வாசனையை நான் ஒரு வேலையாகவே முகர்ந்திருக்கிறேன். "மோந்து பாருடி" என்று அம்மா பொம்மையை நீட்டுவாள். மிட்டாய் வாசனை வந்தால் 'ஒரிஜினல்', மண்ணெண்ணெய் போல அடித்தால் 'டூப்ளிகேட்'. பாரிமுனையிலிருந்து சரக்குக் கொண்டுவரும் அண்ணனுக்கு இதைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடும். "இன்னாக்கா, பொம்மைய போயி மோந்து பாத்துகினு... பேஜாரா கீதுக்கா" என்பார். அம்மா கண்டுகொள்ள மாட்டாள்.

அம்மா பிறவியிலேயே சந்தேகக்காரி என்று சொல்ல முடியாது. வளையலும் ஹேர்கிளிப்பும் விற்று வந்த கடையில், நீளக் காலும் இடுப்புவரை பொன்னிற முடியுமாகக் கண்ணாடி அலமாரியில் நின்ற ஃபேஷன் பொம்மைகள்தான் அவளுடைய பெருமை. ஒருமுறை, மகளின் பிறந்தநாளுக்கென்று பொம்மை வாங்கிப்போன ஒருவர், மறுநாளே "கலர் பிடிக்கலையாம்" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் போன பிறகு பார்த்தால், ஒரிஜினல் பெட்டிக்குள்ளிருந்து டூப்ளிகேட் எங்களைப் பார்த்துச் சிரித்தது. அன்றோடு அம்மாவுக்கு மனிதர்கள்மேல் இருந்த நம்பிக்கை விட்டுப்போயிற்று. சரக்கு வந்ததும் ஒவ்வொரு பெட்டியின் அடிப்பக்கத்தையும் பிரித்து, கவுனின் உள்மடிப்பில் பச்சை நூலால் ஒரே ஒரு தையல் போட்டுவிடுவாள். இந்த ரகசியம் அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

இந்தச் சூழ்நிலையில்தான் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிற கணக்கு டீச்சர், தனியாக இருந்தார். வீட்டில் குழந்தை கிடையாது, ஆனால் மாதம் தவறாமல் பொம்மை வாங்கினார். "சேக்கிறேங்க, அவ்ளோதான்" என்றார், தபால்தலை சேர்க்கிறவரைப் போலச் சாதாரணமாக. விளையாடுவதற்கில்லாமல் பொம்மை வாங்குகிற ஒரு பெரிய மனுஷியை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அம்மாவுக்கோ அவர் செய்ததெல்லாம் தப்பாகப் பட்டது. "பேரமே பேசாம வாங்கறாங்கன்னா அதுல ஏதோ இருக்குடி" என்றாள். டீச்சர் மொத்தமாக வாங்கி வேறெங்கோ லாபத்துக்கு விற்கிறார் என்று முடிவு கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பல்லாவரம் சந்தை முழுக்கத் தேடினாள். பழைய கீபோர்டுகளுக்கும் ரோஜாச் செடிகளுக்கும் நடுவே கையில்லாத பொம்மைகள் குவிந்து கிடந்தனவே ஒழிய, எங்கள் பச்சைத் தையல் எதிலும் இல்லை. அம்மாவின் சந்தேகம் அதனால் குறையவில்லை. "இங்க விக்கலன்னா வேற எங்கயோ விக்கறாங்க" என்றாள்.

டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்குப் பெட்டிய பிரிக்காம வேணுங்க. ஒரு தடவ பிரிச்சிட்டா, சேக்கறவங்களுக்கு அதுல மதிப்பே இல்ல." அம்மா தலையை ஆட்டி, "உங்களுக்குன்னு சீலோட எடுத்து வெக்கிறேன் டீச்சர்" என்றாள். ஆனால் அந்தப் பெட்டிகளையும் பிளேடால் மெல்லக் கீறி, தையலைப் போட்டு, தெரியாதபடி டேப் ஒட்டித்தான் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸ் சமயம், கடையில் நிற்க இடமில்லாத ஒரு மாலையில், டீச்சர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே சிவப்பு வலைத்துணி கவுன் போட்ட பொம்மை. "அடியில யாரோ பிரிச்சு ஒட்டியிருக்காங்க. வேற பீஸ் குடுங்க" என்றார். அம்மா பொம்மையை வெளியே எடுத்துக் கவுனின் ஓரத்தைத் திருப்பினாள். பச்சை நூல் இல்லை. "இது நான் குடுத்த பொம்மையே இல்ல. மாத்தி எடுத்துட்டு வந்திருக்கீங்க டீச்சர்" என்று சத்தமாகவே சொன்னாள். அங்கே நின்ற பெண்களில் இரண்டு பேர் டீச்சரிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். டீச்சரின் முகம் சிவந்துபோயிற்று. "என்னையா சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பொம்மையை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். மறுநாள் நான் போகும் டியூஷனில் பிள்ளைகள் அவரைப் 'பொம்மை மாத்தற மிஸ்' என்று சொல்லிச் சிரிப்பதை நான் காதால் கேட்டேன்.

அந்தப் பொம்மையை அலமாரியில் நிறுத்தப் போனபோதுதான் கவனித்தேன்; கவுனின் கைமடிப்புக்குள் பச்சையாக ஒரு பொட்டு. வலைத்துணியின் ஓரத்தில் போட்டால் வெளியே தெரியும் என்று அம்மாவே கையில் போட்டிருக்கிறாள், போட்டதை மறந்துமிருக்கிறாள். காட்டியதும் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அம்மாவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அந்த இரண்டு பெண்களையும் தேடிப்போய், "டீச்சர் மேல தப்பே இல்ல, கண்ணு அவிஞ்சு போயி நான்தான் உளறிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடியும் நேரம் பார்த்து, பொம்மையோடு டீச்சர் வீட்டுக்கும் போனோம்.

டீச்சர் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். ஹாலின் ஒரு சுவர் முழுக்க அலமாரி, அதில் வரிசையாகப் பிரிக்காத பெட்டிகள். எதையும் அவர் விற்கவில்லை. அம்மா கண் கலங்கி, "ஒரு அடையாளத்துக்கு இத மட்டும் பிரிச்சிட்டேன் டீச்சர், மன்னிச்சிருங்க" என்றாள். "பரவால்ல, விடுங்க" என்று டீச்சர் சிரிக்கக்கூடச் செய்தார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அம்மாவின் கண்கள் அவளை அறியாமல் அலமாரியில் ஒவ்வொரு பெட்டியின் அடியாக ஓடின. டீச்சர் அந்தப் பார்வையைத் தொடர்ந்தார். எழுந்து ஒரு பெட்டியை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"எல்லாத்தையுமா?" என்றார்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அதன்பிறகு டீச்சர் எங்கள் கடைப் பக்கமே வரவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் அழுதேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்ஃபோன் கவர் விற்கிறார்கள். நானும் பொம்மைதான் விற்கிறேன், வீட்டிலிருந்தபடி, ஃபோன் வழியாக, சேகரிக்கிறவர்களுக்கு. பார்சல் கட்டுவதை நான் வீடியோ எடுப்பேன். வாங்குகிறவர் பிரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். அந்த வீடியோவின் நடுவில் வெட்டு விழுந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். போன வாரம் ஒரு பெண், பொம்மையின் கை உடைந்து வந்திருப்பதாக எழுதினாள். வீடியோ கேட்டேன். உடனே அனுப்பினாள். கேட்காமலேயே ஆதார் அட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்பி, "செக் பண்ணிக்கோங்க அக்கா" என்று எழுதியிருந்தாள். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "எவ்ளோ நல்ல பொண்ணு பாரு" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கே வேறு பொம்மை அனுப்பிவிட்டேன். வீடியோ கேட்டதற்காக அந்தப் பெண் என்மேல் கொஞ்சமாவது கோபப்பட்டிருக்கலாம். இத்தனை வருட வியாபாரத்தில் ஒருவர்கூடக் கோபப்பட்டதில்லை.