சாம்பல் பறம்பும் அழகரண்ணனின் வீம்பும்

மலையாளக் கரையில், துறைமுகத்தை ஒட்டின கொச்சங்காடியில் எங்கள் சந்துக்குச் சாம்பல் பறம்பு என்று பேர். வெலிங்டன் தீவை மண் போட்டு எழுப்பிய காலத்தில் வேலைக்கு வந்த தமிழர்கள், முழங்கால் சேற்றில் எண்ணெய் மில் சாம்பலையும் தேங்காய் மட்டையையும் சிப்பி ஓட்டையும் கொட்டிக் கொட்டி உண்டாக்கின நிலம். நிலம் எழும்பிய பிறகுதான் இது என்னுடையது என்று ஒரு முதலாளி வந்தார். எங்கும் நடக்கிற கதைதானே!

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு அழகரண்ணன். மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர். சாயாக்கடையில் உட்கார்ந்தால் போதும், எந்தக் கிணற்றை யார் வெட்டினார், எந்தத் தென்னை யார் பிறந்தபோது வைத்தது என்று ஆரம்பித்துவிடுவார். அவர் பிறந்ததும் இங்கேதான், அப்பனைப் புதைத்ததும் இங்கேதான். ஆனால் "உங்க ஊர் எதுண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள், நெஞ்சை நிமிர்த்தி "உசிலம்பட்டிப் பக்கம்" என்பார். ஆயுசில் இரண்டு திருவிழாவுக்கு அங்கே போயிருப்பார். இருந்த வீட்டையும் அவர் சித்தப்பா எப்போதோ விற்றுத் தின்றாயிற்று.

எழுபத்தொன்றில், குடிசை நிற்கும் மண் குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்து, எங்கள் சந்தை விசாரிக்க ஆபீசர் வந்தார். வேறு எங்கும் வீடு நிலம் இல்லாதவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று யூனியன்காரர்கள் முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். என் அம்மா பேச்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "வேற ஒண்ணுமில்ல சாறே, இதான் எல்லாம்" என்றாள். எங்களுக்குக் கிடைத்தது.

அடுத்து அழகரண்ணன். ஆபீசரோடு நின்ற முதலாளி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"இவரு பாண்டிக்காரராக்கும் சாறே. கஞ்சிக்கு வழியில்லாதெ வந்தவரு."

பாண்டி என்றால் அங்கே தமிழனை இளக்காரமாகச் சொல்வது. அவ்வளவுதான், அண்ணனுக்கு மீசை துடித்துவிட்டது.

"யாருய்யா வக்கத்து வந்தது? எனக்கு ஊர்ல காரை வீடு இருக்கு, ரெண்டு ஏக்கர் நஞ்சை இருக்கு! என்னான்னு நெனச்சீரு?"

அவர் மனைவி ஒச்சம்மாள் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இந்தாய்யா, வாயை மூடு! பொய்யி சாறே, எங்களுக்கு ஒண்ணுமே கிடையாது!"

ஆபீசர் நல்ல மனுஷர். அண்ணனிடமே திருப்பிக் கேட்டார், "உண்டோ, இல்லையோ?" சந்தே பார்த்துக்கொண்டு நிற்கிறது. முதலாளியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை.

"உண்டு" என்றார் அண்ணன்.

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். இந்த மனுஷனுக்கு வாயால் வாசலே போனது! பத்து வருஷத்துக்கு மேல் முதலாளியின் தயவில் அதே குடிசையில் கிடந்தார்கள். எண்பத்திரண்டில், அங்கே கிட்டங்கி கட்டப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்று ஆள் வந்தது. அப்போதாவது, ஐயா எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று போய் நின்றாரா? மாட்டார். சட்டிபானையைத் தலையில் வைத்துக்கொண்டு, அடுத்த சந்தில் தங்கப்பன் வீட்டு வாடகை அறைக்குப் போனார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

அதற்குப் பிறகும் சாயாக்கடைக்கு வருவார். கதைதான் நின்றுபோயிற்று. வேண்டுமென்றே நானே, "அந்தக் கிணத்த யாருண்ணே வெட்டினது?" என்று கிளறினால், "யாரோ" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். திட்ட வேண்டும்போல இருக்கும். பாவமாகவும் இருக்கும்.

எண்பத்தாறு ஆடி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அறைக்கு வெளியே கிடத்தியிருந்தோம். வீட்டுக்காரர் தங்கப்பன் ஒச்சம்மாளிடம் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சேச்சி, நாட்டுக்குக் கொண்டு போகணுமெங்கில் வண்டிக்கு நான் ஏற்பாடு செய்யாம்."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் நெஞ்சில் அறைந்துகொண்டு கதறினாள்.

"எந்த நாட்டுக்குய்யா? இதான் அவரு ஊரு! அன்னிக்கு ஆபீசர்கிட்ட இந்த மனுசன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா, இன்னிக்கு ஒங்க வாசல்லயாய்யா இவரைக் கிடத்தியிருப்பேன்?"