நவமணி குடியேறிய கள்ளுக்கடை

நவமணிக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் தனக்கென்று ஒரு கதவு இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. பித்தளைக் குடம் இருந்தது, டிரங்குப் பெட்டி இருந்தது, புருஷன் இருந்தான். புருஷன் பேர் சன்னாசி. மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். மரத்தோடு பழகிப் பழகி அவனும் மரம் மாதிரியே பேசாமல் இருப்பான்.

கதவு இல்லாததற்குக் காரணம், தோட்டக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், சன்னாசியின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில் குடித்தனம். நடுவில் ஒரு சாக்குத் திரை. அந்தப் பக்கம் அண்ணனும், அண்ணன் பெண்டாட்டி வேலம்மாவும், வரிசையாகப் பிள்ளைகளும். இந்தப் பக்கம் இவர்கள் இரண்டு பேர். சன்னாசி இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து, "கொத்தமல்லிக் கசாயம் வேணுமா கொழுந்தனாரே?" என்று வேலம்மா கேட்பாள். இருமலுக்கே இப்படி என்றால் மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"என்னாடி, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று குழாயடியில் பொம்பளைகள் கேட்டால் நவமணி கோபப்பட மாட்டாள். "என்னை ஏன் கேக்குறீங்க? அந்தச் சாக்கைக் கேளுங்க" என்பாள்.

வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்து நெருக்கடியை இரண்டு மடங்காக்கியது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, ஆற்றோரத்து லயங்களைக் காலிசெய்து ஆட்களை எங்கள் லயத்தில் கொண்டுவந்து அடைத்தார்கள். சுற்றிலும் முள்கம்பி. கேட்டில் எஸ்.சி. என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காவல்காரர்கள், தோளில் துப்பாக்கியோடு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டை மூடினால் மறுநாள் விடிகாலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத்தான் திறப்பார்கள். வேலைக்குப் போகும்போது பையை உதறிக் காட்ட வேண்டும். ஒரு பிடி சோறு இருந்தாலும் ஆளைக் கோலா சிலாங்கூர் ஸ்டேஷனுக்கு லோரியில் ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து நேரே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டதாகவும் பேச்சு உண்டு. இந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதால் முழுக்க நம்ப வேண்டியதில்லை.

கூட்டம் பெருகியதும் கள்ளுக்கடையை ஆபீஸ் பக்கம் புதிதாகக் கட்டி மாற்றினார்கள். பழைய கடை வேலியோரம் சும்மா கிடந்தது. இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, தகரக் கூரை. உள்ளே கள் ஊற்றுகிற மேடை. நாங்கள் எல்லோரும் அதைத் தினமும் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தோம். நவமணி மட்டும் வேறு கண்ணால் பார்த்தாள்.

அவள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி ஹியூபர்ட் வீட்டுக்குத் துணி துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பவள். அவரிடம் போய் நின்றாள்.

"ஐயா, அந்தப் பழைய கடையை எங்களுக்குக் குடுங்க."

"கள்ளுக்கடையையா? ஏம்மா, புருஷன் குடிக்க மாட்டேங்கிறான்னு வருத்தமா?"

"அதுல கதவு இருக்குதுங்க. உள்பக்கம் தாப்பாளும் இருக்குது."

கிராணி சிரித்தார். அப்புறம் தலையைச் சொறிந்தார். "எஸ்.சி. கார்ப்பரல் காப்ரியல் முந்திக்கிட்டான்மா. அவன் ஆளுங்க படுக்கிறதுக்கு வேணும்னு கேக்குறான். தொரை மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாக்குறேன்னுருக்காரு. அன்னிக்கு அது வீடு மாதிரி இருந்தா உனக்கு. கடை மாதிரியே இருந்தா காப்ரியலுக்கு. அதுவரைக்கும் போய் இரு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத லா."

அன்றைக்கே குடம், பெட்டி, புருஷன் மூன்றையும் கூட்டிக்கொண்டு குடியேறிவிட்டாள். வேலம்மா வாசலில் நின்று, "நல்லா இரு தாயி. அந்த வாடையில ஒரு வாரம் இருந்தீன்னா ரெண்டு பேரும் தள்ளாடிக்கிட்டுத்தான் வருவீங்க" என்று வாழ்த்தி அனுப்பினாள்.

வாடை என்றால் சாதாரண வாடை இல்லை. எத்தனையோ வருஷம் சிந்திய கள்ளைக் குடித்துக் குடித்து மண்தரையே போதையில் கிடந்தது. குடியேறிய சாயங்காலமே முதல் விருந்தாளியும் வந்துவிட்டார். ரெங்கசாமி. கூலி வாங்கியதெல்லாம் கள்ளாக்கிய மனுஷர். கடை மாறியது அவருக்குத் தெரியும், கால்களுக்குத் தெரியாது. தன் மங்கோடு நேரே உள்ளே வந்து வழக்கமான மூலையில் குந்தி, "ஒரு மங்கு ஊத்து" என்றார்.

நவமணி அவர் கையிலிருந்த மங்கை வாங்கிக்கொண்டு சங்கோல் மண்வெட்டியைக் கொடுத்தாள். "சித்தப்பா, நீங்க குந்தியிருக்கிற எடத்தைத்தான் மொதல்ல வெட்டி எடுக்கணும். அங்கதான் ரொம்ப இறங்கியிருக்கும். நீங்க ஊத்தினது, நீங்களே தோண்டுங்க."

ரெங்கசாமி தோண்டினார். ஏன் தோண்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாளும் கால்கள் கொண்டுவந்து விட்டன. மறுநாளும் தோண்டினார். அந்த மண்ணையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு, புற்றுமண் கொண்டுவந்து போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே சாணி மெழுகினாள். பாதித் தரையை இடிக்கும்போது அடுப்பு இந்த மூலையில், மீதித் தரையை இடிக்கும்போது அடுப்பு அந்த மூலையில். புருஷனும் பெண்டாட்டியும் கள் ஊற்றுகிற மேடைமேல் படுத்துக்கொண்டார்கள். அந்த மேடையை உடைத்த பிறகு எங்கே படுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்தேன். சரியான பதில் கிடைக்கவில்லை.

தரை முடிந்தது. சுவர்தான் பாடாய்ப் படுத்தியது. பீடிப்புகை ஏறிய பலகை, எங்கள் பற்களைப் போலவே இருந்தது. அசாம் ஜாவா டவுன் சீனர் கடையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து, துணிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கலந்து, தேங்காய் மட்டையை நைத்துப் பிரஷ் செய்து அடித்தாள். ஈரத்தில் அழகாக இருந்தது. காய்ந்ததும் திருநீறு மாதிரி உதிர்ந்தது. மறுநாள் பெரட்டுக்குச் சன்னாசி வந்து நின்றபோது முதுகு முழுக்க வெள்ளை. ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் பேரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அவன் முதுகைப் பார்த்தார். அதில் ஒரு பொம்பளைக் கைத்தடம் தெரிகிறது என்று நான் சும்மா மெதுவாகத்தான் சொன்னேன். சாப்பாட்டு நேரத்துக்குள் அது ஆபீஸ் வரை போய்விட்டது.

சன்னாசி அன்றைக்கு வீட்டில் வாய் திறந்தானாம். "சுவத்தைத் தொடாம இருக்கவும் முடியல, தொடவும் முடியல புள்ள."

நவமணி யோசித்தாள். கிராணி சட்டைக்குக் கஞ்சி போட்டால் விறைத்து நிற்கிறது. சுண்ணாம்புக்கும் போட்டால் பிடித்துக்கொள்ளாதா? கொஞ்சம் வடிகஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்து ஒரு பலகையில் அடித்துப் பார்த்தாள். காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால்கூட வரவில்லை. ஆனால் அளந்து கொடுக்கிற அரிசியில் இரண்டு பேருக்கு எவ்வளவு கஞ்சி வரும்? ஒரு கை அகலச் சுவருக்குத்தான் காணும்.

வீடு வீடாகப் போய்க் கேட்டாள். பொம்பளைகள் வடித்த கஞ்சியை ஊற்றினார்கள். வேலம்மா மட்டும், "எங்க சோத்துக் கஞ்சியை உங்க சுவத்துக்கு ஊத்துறதா? என் பிள்ளைங்களைவிட சுவரு ஒசத்தியா?" என்று கதவைச் சாத்தினாள். கிடைத்த கஞ்சியை மண்ணெண்ணெய் டின்களில் சேர்த்து, வீட்டுக்குப் பின்னால் வேலியோரமாக வரிசையாக வைத்தாள். நிழல் அங்கேதான் இருந்தது. வேறு எண்ணமே கிடையாது. லயம் முழுக்கச் சேர்ந்துதான் கஞ்சி ஊற்றினோம், ஒருத்தருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. சோற்றை மறைத்தால்தானே குற்றம், இது சுவருக்குத்தானே!

கார்ப்பரல் காப்ரியல் அப்படிப் பார்க்கவில்லை. முள்கம்பிக்கு இந்தப் பக்கம் டின் டினாகக் கஞ்சி, அந்தப் பக்கம் காடு. கை நீட்டினால் எட்டும். தனக்கு வரவேண்டிய கட்டடத்தில் இருக்கிறவள் வேறு. மாசக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம், நவமணி ஏணியில் நின்று உத்தரத்தில் சிலந்தி வலை அடித்துக்கொண்டிருந்தபோது, ஜீப் வந்து நின்றது. தொரை, ஸ்டேஷனிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர், கார்ப்பரல். பின்னாலேயே லயம் முழுக்கத் திரண்டது. நான் முன்வரிசை.

எங்கள் தொரை வெள்ளைக்காரர் என்றாலும் தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணியவர். "இது என்ன? இவ்வளவு கஞ்சி யார் குடிக்கும்?" என்றார்.

"யாரும் குடிக்க மாட்டாங்க தொரை. சுவத்துக்கு."

"சுவர் கஞ்சி குடிக்குமா?"

கூட்டத்தில் யாரோ சிரிக்க, இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. நவமணி ஏணியிலிருந்து இறங்கினாள். லோரி, ஸ்டேஷன், கப்பல் எல்லாம் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். வீடு போனால் சாக்குத்திரை; இந்தக் கஞ்சியில் மாட்டினால் அந்தச் சாக்குத்திரையும் இல்லை.

"பொய் தொரை!" என்றான் காப்ரியல். "சுத்தமான சோத்துக் கஞ்சி. நானே காட்டுறேன்." முன்னால் இருந்த டின்னில் மங்கை முக்கி எடுத்து மடக்கென்று ஒரு வாய் குடித்தான்.

அது காலையில் சுண்ணாம்பு கலந்துவைத்த டின். சன்னாசி சொல்ல வாயெடுத்தான். ஆனால் சன்னாசி வாயெடுப்பதற்குள் ஒரு ஆள் சாப்பிட்டே முடித்துவிடலாம். வெற்றிலைக்குக் கொஞ்சம் கூடப்போட்டாலே வாய் வெந்துபோகும். இது ஒரு வாய் நிறைய! காப்ரியல் துப்பினான், குதித்தான், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஜீப்பைச் சுற்றி ஓடினான்.

ரெங்கசாமி சத்தமாகவே சொன்னார். "தொரை, இதைக் கட்டாயம் காட்டுக்காரனுக்கு அனுப்பணும். நாளைக்கே எல்லாரும் சரண்டர்!"

தொரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. நவமணி மட்டும் சிரிக்கவில்லை. ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து, "வாயில ஊத்திக் கொப்புளிங்கண்ணே, முழுங்கிடாதீங்க" என்று காப்ரியலிடம் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "ஒரு டின்னுல சுண்ணாம்பு இருக்கு. மத்ததுல இல்லையே?"

நவமணி அவரைச் சுவரண்டை கூட்டிப்போனாள். "இது கஞ்சி போடாத பலகை. இது போட்டது. கையை வச்சுப் பாருங்கய்யா."

அவர் கையை வைக்கவில்லை. யோசனையோடு தோளைச் சாய்த்தார். கஞ்சி போடாத பக்கம்தான். திரும்பியபோது காக்கிச் சட்டையில் பாதி வெளுத்துவிட்டது. அப்புறம் மற்றப் பலகையைக் கையால் தேய்த்தார். கை சுத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் கையையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. ஆனா இந்த டின்னெல்லாம் வேலியோரம் ராத்திரி இருக்கக் கூடாது. ஆறு மணிக்கு கார்ப்பரல் வந்து பாப்பான். ஒரு சொட்டு கஞ்சி மிஞ்சியிருந்தாலும் கேஸ்தான்."

ஜீப் போனது. ஆறு மணிக்குள் அவ்வளவு கஞ்சியும் சுவரில் ஏற வேண்டும். கொட்டிவிடலாம் என்று ஒருத்தர் சொன்னார். "கொட்டினா வெளுப்பும் கொட்டிடும், வீடும் கொட்டிடும். நாளைக்குத் தொரை வந்து இந்தப் பீடிப்புகையையா பாப்பாரு?" என்று நவமணி பிரஷைத் தூக்கினாள்.

அதற்கப்புறம் நடந்தது கலியாண வேலை மாதிரி. தேங்காய் மட்டை கிடைத்தவன் மட்டை, கிடைக்காதவன் பழைய துணி. சன்னாசி உச்சியில், ரெங்கசாமி அடியில். மேலேயிருந்து ஒழுகியது ரெங்கசாமி தலையில் விழ, "வயசு குறையுதா பாரு" என்று என்னிடம் கேட்டார். கொஞ்சம் கூடித்தான் இருந்தது. நான் கலக்குகிற வேலையை எடுத்துக்கொண்டேன். அதில்தான் பேச நேரம் கிடைக்கும்.

கடைசிப் பக்கம் வரும்போது கஞ்சி தீர்ந்து சுண்ணாம்புதான் மிச்சம். உள்பக்கச் சுவர் பாதி கறுப்பாக நின்றது. அப்போது வேலம்மா ஒரு சட்டியோடு வந்தாள். அன்றைக்கு வடித்த கஞ்சி.

"எதுக்குக்கா? பிள்ளைங்களுக்கு?"

"ஆமா, பிள்ளைங்க! உங்க ரெண்டு பேரையும் திரும்ப என் வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா நான் எங்க படுக்கிறது? புடிடி. எனக்கும் நாலு வருஷமா அந்தச் சாக்கைப் பாத்துப் பாத்துக் கண்ணு வலிக்குது."

சொல்லிவிட்டு அவளே முந்தானையைச் செருகிக்கொண்டு அடித்தாள். ஆறு மணிக்குக் காப்ரியல் வந்தபோது டின்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. பேச முடியாததால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொரையும் கிராணியும் வந்தார்கள். வெயிலில் வீடு இளநீலமாக நின்றது. லயத்துச் சுவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் குளிக்காத பிள்ளைகள் மாதிரி தெரிந்தன. தொரை சுற்றிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கள்ளா, சுண்ணாம்பா, சாணியா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளே போகப் படியில் கால் வைத்தார்.

நவமணி வாசலில் நின்றாள். விடியற்காலையில்தான் தரையை மறுபடி மெழுகியிருந்தாள்.

"தொரை, பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க. தரை இன்னும் காயல."

தோட்டத்தில் யாரும் தொரையிடம் அப்படிச் சொன்னதில்லை. கிராணி ஹியூபர்ட் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபமோ என்னவோ. தொரையின் பூட்ஸ் முழங்கால் வரை, அட்டைக்குப் பயந்து குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிய பூட்ஸ். கழட்டுவதென்றால் ஒரு ஆளும் அரைமணி நேரமும் வேண்டும். அவர் குனிந்து பூட்ஸைப் பார்த்தார், நவமணியைப் பார்த்தார், படியிலிருந்த காலைப் பின்னால் எடுத்தார்.

"கள்ளுக்கடை உள்ளே பூட்ஸ் போட்டு நான் நிறைய தடவை போனது," என்றார். "யாரும் கழட்டு சொல்லாது." கிராணி பக்கம் திரும்பினார். "ஹியூபர்ட், இது வீடு. எழுதிக்கோ. கார்ப்பரலுக்கு வேற இடம் பார்."

நவமணி கும்பிடு போட்டாள். சன்னாசி கும்பிடப் போவதற்குள் தொரை ஜீப்பில் ஏறிவிட்டார். நாங்கள் எல்லோரும் உரிமையோடு படியேறினோம். சுவர் அடித்தவர்கள், கலக்கியவன், கஞ்சி ஊற்றியவர்கள். காப்பி வரும் என்று ஒரு எதிர்பார்ப்பு.

"எல்லாரும் சாயங்காலமா வாங்க," என்றாள் நவமணி. "தரை காயணும்."

சொல்லிவிட்டுச் சன்னாசியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் படியிலேயே நின்றோம்.

"பட்டப்பகல்ல!" என்றாள் வேலம்மா. ஆனால் சிரித்துக்கொண்டே எங்களையெல்லாம் கோழியை விரட்டுவது போல் விரட்டிவிட்டதும் அவள்தான்.