அரை மணிக்கு ஒரு தடவை

என் உத்தியோகமே சந்தேகப்படுவதுதான். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் படிக்கற்களையும் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன். இல்லையென்றால் கடைக்காரர் முகம் கறுக்கும். இருபத்தாறு வருடம் இதைச் செய்தவன், வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு சேர்த்துக் குணத்தையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா? ரொட்டி வாங்கினால் எடை போடுவேன். சுவர்க் கடிகாரத்தை வாரம் ஒருமுறை ரேடியோ நேரத்தோடு ஒத்துப் பார்ப்பேன். அக்கம்பக்கத்தில் எனக்குத் 'தராசு' என்று பெயர். ரொம்ப நாள் அதைப் பெருமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது கேலி என்பதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஏரிக்கு மேலே இருக்கும் குன்றில் ஏறிப் பறவை பார்க்கப் போவாள். கூடப் போவது அவளுடைய சிநேகிதி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டிரில் டீச்சர். இந்த வருடம் டாக்டரே, மெதுவாக நடக்கலாம், குளிருக்கு இதமாகச் சூடாக ஏதாவது குடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னால் போதுமா? நான் சொல்ல வேண்டாமா?

"மொத தடவை நானும் வரேன். உன்னால முடியுதான்னு பாத்துட்டு, ஞாயிறு ஞாயிறு போறதா வேணாமான்னு முடிவு பண்ணலாம்" என்றேன்.

"யாரு முடிவு பண்றது?"

"நாமதான்."

அந்த 'நாம'வில் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியும். கையிலிருந்த பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

தேநீர் கொண்டு போக ஒரு பிளாஸ்க் வேண்டும், அது கனக்கவும் கூடாது. மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் அரை லிட்டர் பிடிக்கும் ஒரு மெல்லிய எஃகு பிளாஸ்க் கிடைத்தது. அட்டையில் இருநூற்று இருபது கிராம் என்று போட்டிருந்தது. ஆபீஸ் தராசில் இருநூற்று முப்பத்தொன்று காட்டியது. அப்போதே அதன்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆறு மணி நேரம் சூடு தாங்கும் என்றும் அதே அட்டைதான் சொன்னது. பதினோரு கிராம் பொய் சொன்னவன் ஆறு மணி நேரத்தில் மட்டும் அரிச்சந்திரனாக இருப்பானா?

இருந்தாலும் என் பங்குக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முதலில் கொதிக்கும் நீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கழுத்து வரைக்கும் தேநீர் நிரப்பி இறுக்கி மூடினேன். கோட்டுப் பையில் ஆபீஸ் தெர்மாமீட்டர் ஒன்று, நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று.

குன்றில் காற்று காதை அறுத்தது. டீச்சர் முன்னால் போனார், நடுவில் என் மனைவி, கடைசியில் நான். அரை மணிக்கு ஒரு தடவை "கொஞ்சம் நில்லுங்க" என்று கத்துவேன். அவர்கள் நிற்பார்கள். பிளாஸ்க்கைத் திறந்து, தெர்மாமீட்டரை விட்டு, பாதரசம் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து, எண்ணை எழுதிக்கொள்வேன். அப்படியே மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, வாட்சைப் பார்த்து, நாடியையும் எண்ணி எழுதுவேன்.

"மூச்சு முட்டுதா?"

"ஒண்ணுமில்ல."

"நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்லைங்க."

இப்படி ஐந்து தடவை. நடுவில் ஏதோ ஒரு நீலக் கழுத்துப் பறவை உட்கார்ந்திருந்ததாம். நான் போட்ட சத்தத்தில் பறந்துவிட்டது என்று டீச்சர் சொன்னார். நான் பார்க்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

உச்சிக்குப் போனதும் என் மனைவி ஒரு பாறையில் உட்கார்ந்து இரண்டு தடவை இருமினாள். "அந்தத் தேநீரக் குடுங்க" என்றாள். மூடியில் ஊற்றினேன். ஆவி வரவில்லை. ஒரு வாய் குடித்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குளிக்கிற தண்ணி இதவிட சூடா இருக்கும்."

"நான் அப்பவே நெனச்சேன். பிளாஸ்க் சரியில்ல. பாரு, தொண்ணூத்தி ரெண்டு, எண்பத்தி மூணு, எழுபத்தி ஒண்ணு... எல்லாம் எழுதி வச்சிருக்கேன்" என்று நோட்டை நீட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது ஆதாரம் எழுதிவைத்துக்கொண்டு வரவில்லை.

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "சார், இந்தக் குளிர்ல அரை மணிக்கு ஒரு தடவை தொறந்து வச்சா அடுப்பே அணைஞ்சிடும். பாவம், பிளாஸ்க் என்ன பண்ணும்?"

என் மனைவி சிரிக்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னையும் பிளாஸ்க்கையும் ஒரே பக்கத்துல எழுதியிருக்கீங்க" என்றாள். "அதுக்கு இறங்கிட்டே போகுது, எனக்கு ஏறிட்டே போகுது. ஏன்னு தெரியுமா? கையப் புடிச்சு வாட்சப் பாக்குறப்ப உங்க மூஞ்சி போற போக்கு இருக்கே, அதப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. பயந்தா நாடி ஏறாம என்ன பண்ணும்?"

அந்த ஐந்து வாரமும் அவள் கட்டிலுக்கு மேலே திரையில் ஓடிய எண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் திரை இல்லை. எண் தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அங்கேயே, அந்தப் பாறைமேல் வைத்தே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "மூடியில வாஷரும் கொஞ்சம் லூஸ்னு நெனக்கிறேன்."

இறங்கும்போது அவள் டீச்சரோடு சேர்ந்து முன்னால் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "நீங்க வர வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். முடிவு ஆகிவிட்டது, அதில் நான் இல்லை. பிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்தேன். நன்றாக மூடியிருக்கிறதா என்று இரண்டாவது தடவை திருகப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

அன்று அலமாரிகளை எல்லாம் துடைத்தேன். போனை நாலு தடவை எடுத்தேன், நாலு தடவையும் வைத்தேன். ஐந்தாம் தடவை எடுத்து எண்ணைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். இத்தனை வயதில் இப்படி ஒரு வீரம்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

உட்கார்ந்தாள். பிளாஸ்க்கைத் திறந்து, மீதம் வைத்திருந்ததை மூடியில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். ஆவி பறந்தது. குடித்தேன், நாக்கு சுட்டது. நான் எதுவும் கேட்கவில்லை.

ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே அவளே சொன்னாள்: "மேட்டுல முடியலங்க. ரெண்டு தடவை உக்காந்துட்டேன். நெஞ்செல்லாம் அடைக்கிற மாதிரி இருந்துச்சு, பயந்துட்டேன். அப்புறம் சரியாப் போச்சு."

ஒரு வருடமாக, நான் கேட்டபோதெல்லாம் 'ஒண்ணுமில்ல' என்று மட்டுமே சொல்லிவந்தவள்.